பூனைக்குத் தன் பெயர் தெரியுமா?

ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் பூனைக்கு மூன்று வயது. எத்தனை முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வருவதில்லை. வீட்டு நாயோ பெயரைப் பாதி சொல்லும்போதே ஓடி வருகிறது. பூனைக்குப் பெயர் புரியவில்லையா, காதில் கோளாறா? வேறு பெயர் வைத்துப் பார்க்கலாமா?"

பெரும்பாலும் உங்கள் பூனைக்குப் பெயர் தெரிந்தே இருக்கும். பெயரை அடையாளம் கண்டுகொள்வது வேறு, கூப்பிட்டதும் எழுந்து வருவது வேறு. நாய் இரண்டையும் சேர்த்தே செய்துவிடுகிறது. பூனையிடம் நீங்கள் பார்க்க வேண்டியது காதை.

ஜப்பானில் அட்சுகோ சைட்டோவின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பெயரின் நீளமே கொண்ட நான்கு சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூனைகளுக்குக் கேட்கவைத்தார்கள். சொல்லுக்குச் சொல் ஆர்வம் குறைந்துகொண்டே வரும். ஐந்தாவதாகப் பெயர் ஒலித்ததும் பல பூனைகள் காதையோ தலையையோ அசைத்தன. முன்பின் தெரியாதவர் குரலில் சொன்னபோதும் வேறுபாடு தெரிந்தது. ஆனால் பல பூனைகள் சேர்ந்து வாழும், வாடிக்கையாளர்கள் அவற்றோடு பொழுதைக் கழிக்க வரும் ஒரு பூனைக் கஃபேயில், தன் பெயரையும் உடனிருக்கும் பூனைகளின் பெயரையும் அவற்றால் பிரித்தறிய முடியவில்லை. ஒரு பெயரைக் கூப்பிட்டால் இன்னொரு பூனைக்கும் தடவல் கிடைக்கிற இடத்தில், பெயருக்குத் தனி மதிப்பு எப்படி வரும்?

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பூனை விழித்தபடி, வேறு பக்கம் பார்த்துப் படுத்திருக்கும் நேரம் நல்லது. பெயரின் நீளத்திலேயே நான்கு சொற்களைச் சற்று இடைவெளி விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் பெயர். தொனி மாறவே கூடாது. பெயரை மட்டும் கொஞ்சலாகச் சொன்னால் பூனை தொனிக்குத்தான் திரும்பும்.

சரி, வர வைப்பது எப்படி? 'இது நான்' என்று நினைத்துப் பூனை திரும்புகிறது என்பதற்குச் சான்று இல்லை. அந்த ஒலிக்குப் பின் என்ன நடக்கும் என்பதை அது கற்றுவைத்திருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்தீர்களா, குளிப்பாட்டினீர்களா, திட்டினீர்களா? அப்படியானால் வராமல் இருக்கத்தான் அது கற்றிருக்கும். அந்த வேலைகளுக்குக் கூப்பிடாமல் நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, திரும்பிய கணமே பிடித்த தீனி ஒரு துண்டு. முதலில் பக்கத்தில் இருந்து, பிறகு அடுத்த அறையிலிருந்து. பத்து முறை திரும்பத் திரும்ப அழைப்பதுதான் பெயரை வெறும் சத்தமாக்கிவிடுகிறது. வீட்டில் ஆளுக்கொரு செல்லப்பெயர் வேண்டாம், அது நாய்க்கும் பொருந்தும். நாய்க்குப் பெயர் எவ்வளவு பழகிப்போகும் என்றால், சுற்றிலும் பலர் அதே சத்தத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதும் தன் பெயரைப் பிரித்தறிகிறது என்று அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

பெயர் மாற்றலாம், தவறே இல்லை. பழைய பெயர் திட்டுக்கே பயன்பட்டிருந்தால் மாற்றுவதுதான் நல்லது என்பேன். மற்றபடி அவசியமில்லை.

காதைப் பற்றிய உங்கள் கவலையையும் ஒதுக்க வேண்டாம். நீலக் கண் கொண்ட வெள்ளைப் பூனைகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமை வர வாய்ப்பு அதிகம். பூனை பார்க்காதபோது பின்னாலிருந்து தீனிப் பொட்டலத்தைச் சரசரவென ஆட்டுங்கள். காது அசையவே இல்லையென்றாலும், முன்பு திரும்பிய பூனை இப்போது திரும்புவதில்லை என்றாலும், பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.