சல்லடை கூலி கேட்குமா?

கேள்வி: செல் சவ்வு ஒரு சல்லடை. சின்ன மூலக்கூறு நுழையும், பெரியது வெளியே நிற்கும். இதை ஆராய்ந்தவர்களுக்கு நோபல் பரிசெல்லாம் கொடுத்தது கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லையா?

பதில்: தெரியவில்லை. உங்கள் சல்லடைக் கணக்குப்படி, சோடியம் அயனி தாராளமாக உள்ளே போக வேண்டும். அதைவிடப் பல மடங்கு பெரிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வெளியே நிற்க வேண்டும். நடப்பது நேர்மாறு. சவ்வு என்பது இரண்டடுக்குக் கொழுப்பு. கொழுப்பில் கரையும் ஈஸ்ட்ரோஜன் அதன் வழியே மறுபக்கம் போய்விடுகிறது. ஆக்ஸிஜனும் அப்படித்தான். சோடியமோ மின்னேற்றம் உள்ள ஆசாமி. தண்ணீர் மூலக்கூறுகளைச் சுற்றிலும் ஒட்டவைத்துக்கொண்டே திரியும். அவற்றை உதறிவிட்டுக் கொழுப்புக்குள் இறங்க அதற்கு மனசு வராது.

சரி, அயனிகள் போய்வரச் சவ்வில் புரதக் குழாய்கள் இருக்கின்றனவே, அவையாவது சல்லடையா என்றால், அதுவும் இல்லை. பொட்டாசியம் அயனி சோடியத்தைவிடப் பெரியது. ஆனால் பொட்டாசியக் குழாயில் ஆயிரம் பொட்டாசியம் போகிற நேரத்தில் ஒரு சோடியம் நுழைந்தாலே அதிகம். காரணத்தை 1998இல் ராடரிக் மெக்கின்னன் குழு காட்டியது. குழாயின் குறுகலான இடத்தில் ஆக்ஸிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியம் தன் தண்ணீரை உதறியதும், அந்தத் தண்ணீர் இருந்த அதே தூரத்தில் இந்த ஆக்ஸிஜன்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. சோடியம் பொடியன், எல்லா ஆக்ஸிஜனும் ஒரே நேரத்தில் அதற்கு எட்டாது. தண்ணீரை விட்டால் நஷ்டம் என்பதால் வெளியிலேயே நின்றுவிடுகிறது. சிறியதாக இருப்பதாலேயே உள்ளே போக முடியாத சல்லடையை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா?

இதற்குத்தான் 2003இல் வேதியியல் நோபல். உடன் வாங்கியவர் பீட்டர் ஆக்ரி. தண்ணீரை மட்டும் விட்டு, புரோட்டானைக்கூட (ஹைட்ரஜன் அயனி) தடுக்கும் அக்வாபோரின் என்ற புரதக் குழாயைக் கண்டுபிடித்தவர்.

அப்புறம், சல்லடை கூலி கேட்காது. சவ்வு கேட்கும். நண்டின் நரம்பை வைத்து 1957இல் யென்ஸ் ஸ்கூ கண்டறிந்த பம்ப், செல்லின் சக்தி நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இரண்டுமே குறைவான பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்கு! நீங்கள் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த வேலைக்கே போகிறது. ஸ்கூவுக்குப் பரிசு வந்தது 1997இல், நாற்பது ஆண்டு கழித்து.

என் குறை வேறு. குடல் செல்லில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே போகின்றன என்று 1960இல் பிராக் நகரக் கூட்டத்தில் சொன்னவர் ராபர்ட் கிரேன். காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டும்போதும் இந்த ஜோடிக் கடத்தல் மட்டும் நிற்பதில்லை. பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். வயிற்றுப்போக்குக்குக் குடிக்கக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசலில் சர்க்கரை இருப்பது ருசிக்காக அல்ல, இதற்காக. கிரேனுக்கு நோபல் கொடுக்கவே இல்லை. கேட்பதென்றால் அதைக் கேளுங்கள்.