கூட்டத்தோடு நின்றுவிட்டேன், என் இரக்கம் பொய்யா?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் பைக்கில் வந்த இளைஞர் சறுக்கி விழுந்தார். இருபது பேர் கூடினோம். யாரும் கிட்டே போகவில்லை. எனக்கும் கால் நகரவில்லை. பிறகு வந்த லாரி ஓட்டுநர்தான் உதவினார். மாதந்தோறும் அன்னதானத்துக்குக் கொடுப்பவள் நான். அந்த இரக்கமெல்லாம் பொய்யா? தூக்கமே வருவதில்லை.
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: பொய் இல்லை அம்மா. உங்களைக் கட்டிப்போட்டது அந்த இருபது பேர்.

1968-ல் அமெரிக்க உளவியலாளர்கள் லதானே, டார்லி இருவரும் ஆட்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர்த் துவாரம் வழியாகப் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாதிருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இருவரோடு உட்கார்ந்த 10 பேரில், ஒருவர் மட்டுமே சொன்னார். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், புகையைக் கையால் விலக்கிக்கொண்டு எழுதினார்கள். பக்கத்தில் இருப்பவர் சும்மா இருக்கிறாரே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைப்பு. அவரும் நம் முகத்தைப் பார்த்து அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார். லாரி ஓட்டுநர் அந்தப் பார்வைப் பரிமாற்றத்தில் சிக்காமல் வந்தவர்.

அடுத்த முறை கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தாதீர்கள். ஒருவரைக் கைகாட்டுங்கள்: “நீலச் சட்டை போட்ட தம்பி, 108-க்கு நீங்கள் போன் செய்யுங்கள்.” பொறுப்பு ஒருவர் தலையில் விழுந்ததும் மற்றவர்களும் அசைவார்கள். அடிபட்டவர் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுக்கவே வேண்டாம்.

போலீஸ் பயமும் உங்களுக்கு இருந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். விபத்தைக் கண்ணால் பார்த்தவர், சாட்சி சொல்கிறேன் என்று தாமாக முன்வந்தால் அவரை விசாரிப்பார்கள். தாமாக முன்வந்தால் மட்டுமே. ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டதாலேயே நீங்கள் சாட்சி ஆகிவிட மாட்டீர்கள். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்தும், ஆஸ்பத்திரிச் சேர்க்கை மேசையில் இன்னமும் “நீங்கள் என்ன உறவு? கையெழுத்துப் போடுங்கள்” என்று மிரட்டுகிறார்கள். உதவ வந்தவரை விரட்டியடிக்க இதைவிட என்ன வேண்டும்? எனக்கு ஆத்திரமாக வருகிறது.

விபத்து நடந்த இடத்துக்கு முதலில் ஓடிவருகிற எல்லாரையும் நம்பிவிடாதீர்கள். “எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பவர் பெரும்பாலும் கமிஷன் தரகர். இழப்பீடு வாங்கித் தருவதாக வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர் அவரைவிட மோசம். இவர்கள் இரக்கத்தைத்தான் குறிவைப்பார்கள். தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை வரம்புக்கு உட்பட்டு இலவசம். தரகருக்கு அங்கே வேலையே இல்லை.

மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை என்கிறீர்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற எண்ணில், டெலி மனஸ் என்னும் அரசு மனநல உதவி மையத்தோடு இன்றே பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.