பூட்டிய வீடும் வந்து சேரும் பில்லும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் வரிசையில் ஒரு தரைவீடு பல மாதங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. கூரை ஓர வடிகாலில் செடியே முளைத்துவிட்டது. "பக்கத்து வீடு மோசமாக இருக்கிறது" என்று புகார் கொடுத்தும் பயனில்லை. அரசாங்கமே சுத்தம் செய்து உரிமையாளரிடம் பணம் வாங்காதா? – வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ்

பதில்: வாங்கும். ஆனால் "மோசமாக இருக்கிறது" என்ற புகாரை வைத்து அதிகாரி எதைப் பிடிப்பார்? ஆபத்து எது, எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்: "வாசலிலிருந்து இடப்பக்கக் கூரை வடிகாலில் தண்ணீர் தேங்குகிறது, பின்கட்டில் மூடியில்லாத வாளிகள் இரண்டு, பகலிலேயே கொசு கடிக்கிறது." உங்கள் வீட்டு எல்லைக்குள் நின்று, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, சிங்கப்பூர் அரசாங்கத்தின் புகார்ச் செயலியான ஒன்சர்விஸில் போடுங்கள். வேலி தாண்டிப் போக வேண்டாம்.

கொசு, எலி என்றால் தேசியச் சுற்றுப்புற வாரியம். சுவர் சரிந்தால் கட்டட, கட்டுமான ஆணையம். மரம் சாலைப் பக்கம் சாய்ந்தால் தேசியப் பூங்காக் கழகம். மூன்றையும் ஒரே புகாரில் திணித்தால், அது ஒவ்வொரு மேசையாகச் சுற்றும். தனித்தனியாகப் போடுவது நல்லது.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். 150 மீட்டருக்குள் 14 நாள்களில் இருவருக்கு டெங்கி வந்தாலே அது ஒரு டெங்கிக் குழுமம், அதாவது நோய் பரவும் இடம். வாரிய அதிகாரிகள் சோதிக்க வரும்போது வீட்டில் ஆளில்லை என்றால், தொடர்புகொள்ளச் சொல்லி வாயிலில் அறிவிப்பு ஒட்டுவார்கள். பதிலே வராவிட்டால் பூட்டைத் திறந்து உள்ளே போக வாரியத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு. உரிமையாளருக்கு உத்தரவு போகும். கெடுவுக்குள் அவர் செய்யாவிட்டால் வாரியமே ஆள் வைத்துச் செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

அந்த வீடு அரசாங்கத்துடையதாகவும் இருக்கலாம். நிலம் யாருடையது என்பதை அரசாங்கத்தின் இணைய வரைபடமான ஒன்மேப்பில் இலவசமாகப் பார்க்கலாம். தனியார் வீடென்றால் சிங்கப்பூர் நில ஆணையத்தின் இன்லிஸ் தளத்தில் கட்டணம் கட்டி உரிமையாளர் பெயரைப் பார்க்கலாம். சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று சிலர் யோசிப்பார்கள். அது அதே கட்டடத்தில் அல்லது 100 மீட்டருக்குள் குடியிருக்கும் அண்டை வீட்டாருக்கு. ஆளே குடியில்லாத வீட்டுக்கு அங்கே வழி இல்லை.

கேள்வி: மறைந்த அப்பாவின் பெயரில் வீடு இருக்கிறது. அண்ணன் பெர்த்தில், நான் ஜோகூரில். வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது. பில் யாருக்கு வரும்? – வாசகர், ஜோகூர் பாரு

பதில்: அண்ணனுக்குப் பாதி, உங்களுக்குப் பாதி என்று யாரும் பிரித்துத் தரமாட்டார்கள். சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி உரிமையாளர் கட்டவேண்டிய செலவு சொத்தின் மீதே பொறுப்பாக ஏறும். கட்டாமல் விட்டால் விற்கும்போது வந்து நிற்கும். ஆகவே யார் பங்கு என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கெடு தேதியைப் பாருங்கள். அதற்குள் நீங்களே ஆள் வைத்தால் வேலையின் அளவும் விலையும் உங்கள் கையில். முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ரசீது எல்லாவற்றையும் அறிவிப்பு அனுப்பிய அதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள். நேரம் போதாது என்றால் கெடு முடிவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

அபராதம் வேறு, சுத்தம் செய்த செலவு வேறு. கொசு உற்பத்தி நீதிமன்றம் வரை போனால், முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை; இரண்டும் சேர்ந்தும் வரலாம். "கடிதமே கிடைக்கவில்லை" என்பதும் எடுபடாது. அறிவிப்பை வாசலில் ஒட்டினாலே போதும். காலியாகக் கிடந்தாலும் சொத்து வரி உண்டு (காலி வீட்டுக்கான வரிச் சலுகை 2014-லேயே போய்விட்டது). அதனால் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் உள்ள முகவரியை இன்றே மாற்றுங்கள்.

அடுத்த முறை பூட்டும்போது தண்ணீர்க் குழாயை முதன்மை வால்விலேயே அடையுங்கள். கழிப்பறைக் கோப்பையை மூடுங்கள். ஃபிளஷ் தொட்டியின் வழிவுக்குழாயை டேப் வைத்து அடையுங்கள். தரை வடிகால்களுக்கு ஓட்டையில்லாத மூடி போடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்: குளியலறைத் தரை வடிகாலுக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பூந்தொட்டித் தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கவேண்டும். ஏடிஸ் முட்டை காய்ந்த பரப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். சாவியைச் சிங்கப்பூரில் உள்ள ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதையில் பக்கத்து வீட்டார் பெட்டிபெட்டியாக அடுக்குகிறார்கள். – வாசகர், ஈசூன்

பதில்: டேப் பிடித்து அளந்து பாருங்கள். நடக்க 1.2 மீட்டர் தடையில்லாமல் இருக்கவேண்டும். குறைந்தால் அந்த அளவோடு நகர மன்றத்துக்கு எழுதுங்கள். அறிவிப்புக்குப் பிறகும் எடுக்காவிட்டால் மன்றமே அகற்றும். வீட்டுக்குள் குவிந்து கிடப்பது வேறு விஷயம். அங்கே குடும்பத்தாரும் சமூக சேவையாளரும் பேசித்தான் ஆகவேண்டும், காலம் பிடிக்கும்.

கேள்வி: காலி வீட்டு மாமரக் கிளை எங்கள் கூரையில் உரசுகிறது. வெட்டிவிட்டு பில் அனுப்பலாமா? – வாசகி, சாங்கி

பதில்: எல்லைக்கோடு வரை, உங்கள் பக்கம் நின்று வெட்டலாம். கூலி உங்களுடையது, நீங்களாக அனுப்பும் பில்லை அவர் கட்டவேண்டும் என்றில்லை. ஆனால் வெட்டும் முன் ஒன்று: சாங்கியில் ஒரு பகுதி மரப் பாதுகாப்பு வட்டாரம், பெரிய மரங்களை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் இருந்தால், கத்தியை எடுக்குமுன் தேசியப் பூங்காக் கழகத்தைக் கேளுங்கள்.