பழைய காருக்குப் போர் தண்ணீர் ஊற்றலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் இருப்பது 2006 மாருதி 800, அப்பா வாங்கிய வண்டி. போன மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரங்கட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் ஊர் வந்து சேர்ந்தோம். இங்கே ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்கிறார். ரேடியேட்டருக்கு எப்போதும் வீட்டுப் போர் தண்ணீர்தான் ஊற்றுவோம். இது சரியா? நானே ஏதாவது பார்க்க முடியுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: சரியில்லை தம்பி. முதல் வேலையாக அந்தத் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள், பழையது பழுதாகியிருந்தால் புதிதாகவே வாங்கிப் போடுங்கள். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைத்து, ஏறக்குறைய 80 டிகிரியைத் தாண்டியதும் வழிவிடுவதுதான் அதன் வேலை. அது இல்லையென்றால் இன்ஜின் சூடேற நேரம் பிடிக்கும். உங்களுடையது எம்.பி.எஃப்.ஐ. வண்டி, அதாவது பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டரே முடிவு செய்வது; அந்தக் கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், ஆனால் வண்டி எதனால் சூடானதோ அந்தக் காரணம் உள்ளேயே இருக்கும்.

அந்தக் காரணம் பெரும்பாலும் உங்கள் போர் தண்ணீர்தான். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகத் தடிப்புக் கட்டுகிறதே, சுரண்டினாலும் போகாமல்? அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது, அதுவும் பத்து பதினைந்து வருடமாக. சமதரையில் மாட்டுத்தாவணிக்கும் பெரியார் பேருந்து நிலையத்துக்கும் போய் வரும்வரை ஒன்றும் தெரியாது; ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் மலை ஏறும்போதுதான் அடைப்பு வேலையைக் காட்டும்.

காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் செங்காவி நிறத்தில் இருந்தால் உள்ளே துரு, வாயில் வெள்ளைப் படிவு இருந்தால் உப்பு. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையே மாற்றுங்கள், அது அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறிவிடும். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். முள் பாதியைக் கொஞ்சம் தாண்டும்போது ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அது நன்றாக இருந்தால் ஃபேன் சுவிட்சையும் மோட்டாரையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஃபேனும் சுற்றி, மூடியும் நன்றாக இருந்தால் ரேடியேட்டரைக் கழுவிவிடலாம். ஆறிய இன்ஜினில் கீழ்க்குழாயைக் கழற்றிப் பழைய தண்ணீரை வடித்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டர் இருந்தால் அதைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டி, ஆறவிட்டு மறுபடி வடியுங்கள், தெளிந்த தண்ணீர் வரும்வரை. (மதுரைக்காரர்கள் யாரும் ஹீட்டரைத் தொடுவதே இல்லை, அந்த வால்வு இறுகிப்போயிருக்கலாம், பலமாகத் திருகாதீர்கள்.) கடைசியாகக் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. வடித்ததைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்ட வேண்டாம். கூலன்ட் இனிப்பாக இருக்கும், விஷம்; நாய் பூனை நக்கினால் செத்துப்போகும், குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது.

கல்போல் இறுகிய படிவு இதில் போகாது, ரேடியேட்டர் கடையில் கழற்றிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, இன்ஜின் ஆயில் மூடிக்கடியில் பால் கலந்தது போல் இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கலாம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

மறுபடி மலையில் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஓரமாக நிறுத்துங்கள். மூடியை மட்டும் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது, திறந்த நொடியில் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கொதிக்கும் இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், ஹெட் வளைந்துவிடும்.

கேள்வி: கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். கார் போர்ட்டிகோவிலேயே நிற்கிறது. வாரம் ஒரு நாள் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன், ஆனாலும் பேட்டரி இறங்கிவிடுகிறது.
– வாசகி, வில்லாபுரம்

பதில்: அந்த ஐந்து நிமிடம்தான் குறை, சகோதரி. அந்த நேரத்தில் பேட்டரிக்குப் போதுமான சார்ஜ் ஏறாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், அழகர்கோவில் வரை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாலே போதும், பிரேக்குக்கும் டயருக்கும்கூட அது நல்லது. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5-க்குள் இல்லையென்றால் கோளாறு பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் பக்கம் இருக்கலாம், பேட்டரியை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, மாட்டியபின் மேலே வாஸ்லைன் தடவுங்கள். பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் எலிப் புழுக்கை கிடக்கிறதா, ஒயர் கடிபட்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

கேள்வி: ஆல்ட்டோவுக்கு முன் பிரேக் பேட் நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். வீடியோ பார்த்துவிட்டேன். போதுமா?
– வாசகர், மேலூர்

பதில்: போதாது. ஒருமுறை தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையாலேயே மாற்றிப் பாருங்கள், இரண்டாவது முறை தனியாகச் செய்யலாம். ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையையோ காலையோ விடக் கூடாது. வண்டியைத் தாங்க ஸ்டாண்ட் கொடுங்கள், பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள், கெட்டித் தரையில் செய்யுங்கள். பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்தால் பெயிண்ட்டை அரித்துவிடும். முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காது.

பிரேக் பேடை விட நான் அதிகம் கவலைப்படுவது பிரேக் ஆயிலைப் பற்றி. ஒருமுறை கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது என் வண்டியின் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, பின்னால் என் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து நிறுத்தினேன். பேட் எல்லாம் புதிது; ஆயிலைத்தான் பல வருடமாக மாற்றவில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிவிட்டால் அதே வரம்பு 140 ஆகிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி சேரும், மிதிக்கிற மிதி அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும் வேலையை மட்டும் வொர்க்‌ஷாப்பிலேயே கொடுங்கள்.

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 15 வருடம் முடியப்போகிறது. விற்றுவிடச் சொல்கிறார்கள். விற்கத்தான் வேண்டுமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: வேண்டாம். 15 வருடத்தில் பெட்ரோல் வண்டியை ஒதுக்கும் உத்தரவு டெல்லி வட்டாரத்துக்கு வந்தது, நமக்கு அல்ல. ஆர்.சி. முடியும் தேதிக்கு 60 நாள் இருக்கும்போதே ஆர்.டி.ஓ.வில் படிவம் 25 கொடுக்கலாம், வண்டி தேறினால் 5 வருடத்துக்குப் புதுப்பிப்பார்கள். அதற்குள் எரியாத பல்பு, கம்மிய ஹார்ன், கிழிந்த வைப்பர், அழிந்த நம்பர் பிளேட் எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நீங்களே மாற்றிவிடலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 1518 என்றால் 2018-ஆம் வருடம் 15-ஆவது வாரம் செய்தது. டயரின் பூ (பட்டன்) நன்றாகத் தெரிந்தாலும் ஓரத்தில் வெடிப்பு விழுந்த பழைய டயரோடு போய் நிற்காதீர்கள்.