ரேடிக்கல் அயனி ஆய்வுக்குப் போனால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. முதுகலை வேதியியல் முடிக்கப்போகும் மகள், வாயு நிலையில் ரேடிக்கல் அயனிகளும் (ஜோடியில்லாத எலக்ட்ரானும் மின்னூட்டமும் உள்ள மூலக்கூறுகள்) ஹைட்ரோகார்பன்களும் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள சேர்மங்கள்) வினைபுரியும் வேகத்தைக் கணினியில் மாதிரியாக்கப் போகிறேன் என்றதும் பதறிப்போய் எழுதியிருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டதுமே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராதுதான். ஆனால் இதில் கைவரும் திறமைக்கு ஆள் தேடுகிறார்கள்.

ஒரே ஒரு வினையைப் பாருங்கள். எலக்ட்ரானை இழந்த மீத்தேன் ஒரு ரேடிக்கல் அயனி. அது இன்னொரு மீத்தேனோடு மோதினால் மெத்தோனியம் அயனியும் மெத்தில் ரேடிக்கலும் உண்டாகும். வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லும் எண்ணான வினைவேக மாறிலி வினாடிக்குச் சுமார் 1.1 × 10⁻⁹ கன செ.மீ.; அதாவது மோதினாலே பெரும்பாலும் வினை நடந்துவிடும். ஒரு கன செ.மீ.க்கு 10¹⁰ மீத்தேன் மூலக்கூறுகள் இருந்தால், அந்த அயனிகளில் பாதி 0.06 வினாடியில் தீர்ந்துபோகும். இதுவரை காகிதத்திலேயே போட்டுவிடலாம். ஆனால் மீத்தேனை அயனியாக்கும்போது மெத்தில் அயனியும் கூடவே வரும். அது மீத்தேனோடு சேர்ந்து எத்தில் அயனியைத் தரும். ஈத்தேன், அசிட்டிலீன் என்று கலந்துவிட்டால் வினைகள் பத்து, ஐம்பது என்று பெருகும். சில கண்ணிமைப்பதற்குள் முடியும், சில இழுத்துக்கொண்டே போகும். இவற்றையெல்லாம் வகைக்கெழுச் சமன்பாடுகளாக (நேரத்தோடு அளவு மாறும் வேகத்தைச் சொல்லும் சமன்பாடுகள்) எழுதித் தீர்த்து, அயனிகளை நிறைப்படி பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் அளவுகளோடு ஒப்பிட்டு, எந்த மாறிலியில் பிழை இருந்தால் விடை எவ்வளவு புரளும் என்று சொல்ல வேண்டும். அதுதான் அவள் கற்கப்போகும் தொழில்.

மீத்தேனை வைத்து நடக்கும் இதே வினைகள்தான் வேதி அயனியாக்க முறையில் இயங்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள்ளும் நடக்கின்றன. சிப் தயாரிப்பில் பிளாஸ்மா, இன்ஜின் எரிதல், காற்று மாசு எல்லாவற்றிலும் கணக்கின் அடிப்படை ஒன்றே. சனியின் நிலவான டைட்டனின் மேல்வளிமண்டலத்தில் நைட்ரஜன் அயனி மீத்தேனைத் தாக்குவதும் கரிமச் சேர்மங்கள் உருவாகும் வினைச் சங்கிலியைத் தொடங்கிவைக்கிறது. காசினி விண்கலம் அங்கே கனமான அயனிகளை அளந்தபோது, விளக்கம் சொல்ல இந்த மாதிரிகள்தான் தேவைப்பட்டன. எனக்கு இந்தத் துறை மேல் தனிப் பிரியமே உண்டு.

இருந்தாலும் சிலவற்றை ஒளிக்கக் கூடாது. பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. அதை மட்டும் நம்பி முனைவர் பட்டத்துக்குப் போக வேண்டாம். நிரல் எழுதப் பிடிக்காதவர்களுக்கு இது சித்திரவதை. ஆகவே சேருவதற்கு முன்பே பைத்தான் என்ற நிரல் மொழியில் அந்த இரண்டு மீத்தேன் வினைகளையும் தீர்த்து வரைபடம் போட்டுப் பார்க்கட்டும். ராத்திரி வெகுநேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

பிறகு வழிகாட்டியிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சோதனை அளவுகள் எங்கிருந்து வரும்? நிரலை அவளே எழுதுவாளா, யாரோ எழுதியதை ஓட்டுவாளா? முன்பு படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆய்வுக் குழுவைத் தேடுங்கள். தலைப்பை மாற்ற வேண்டியதில்லை.