திங்கட்கிழமை அஜந்தா கிடையாது

கேள்வி: காஞ்சிபுரத்திலிருந்து என் அப்பா, அம்மா டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. பிள்ளைகள் ஆறாவதும் மூன்றாவதும் படிக்கிறார்கள். வீட்டுக்காரருக்குச் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள்தான் லீவு. சனிக்கிழமை அவுரங்காபாத் ஊர், ஞாயிறு எல்லோரா, திங்கள் அஜந்தா என்று போட்டு வைத்திருக்கிறோம். அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜோதிர்லிங்கத்தையும் பார்க்க வேண்டுமாம். சரியாக வருமா?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, ரொம்ப நல்லது. திங்கட்கிழமை அஜந்தாவுக்கு வார விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை. மறக்காமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். அகர வரிசையில் 'அ' முதலில், 'எ' பிறகு. அதே மாதிரி அஜந்தாவுக்குத் திங்கள், எல்லோராவுக்கு மறுநாள். நீங்கள் போட்ட திட்டப்படி போயிருந்தால் வயதானவர்களை 100 கிலோமீட்டர் காரில் உட்கார வைத்துக் கூட்டிப்போய், பூட்டின வாசலைக் காட்டிவிட்டுத் திரும்பியிருப்பீர்கள்.

ஞாயிறையும் திங்களையும் அப்படியே மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான். வெள்ளி இரவு தேவகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிவதற்கு முன்பே இறக்கிவிட்டுவிடும். சி.எஸ்.எம்.டி. வரை போக வேண்டாம், தாதரிலேயே ஏறலாம். ஊர்ப் பெயரும் ஸ்டேஷன் பெயரும் இப்போது சத்ரபதி சம்பாஜிநகர், முன்பதிவு செய்யும்போது அந்தப் பெயரில் தேடுங்கள். சனிக்கிழமை அப்பா, அம்மா அறையில் படுத்து ஓய்வெடுக்கட்டும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தௌலதாபாத் கோட்டைக்குப் போய் வரட்டும். 1327-இல் முகமது பின் துக்ளக் டெல்லியிலிருந்து தலைநகரை மாற்றிய ஊர் அது, பாடப்புத்தகத்தில் வரும். எதிரிகளைத் திணற வைக்க மலையைக் குடைந்து செய்த இருட்டுச் சுரங்கப் பாதை ஒன்று அங்கே உண்டு, உங்கள் பிள்ளைகள் வயதுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் படிகள் ஏராளம், அம்மாவை அங்கே ஏற்றவே ஏற்றாதீர்கள்.

ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் அஜந்தாவுக்குக் கிளம்பிவிடுங்கள். பர்தாபூர் கூட்டுரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள், கடைசி 4 கிலோமீட்டர் அவர்கள் விடும் பஸ்ஸில்தான் போக வேண்டும். இறங்கியதும் ஒரு செங்குத்தான படிக்கட்டு இருக்கிறது, அம்மாவுக்குக் கஷ்டம் அந்த இடத்தில்தான். நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிப் போகும் டோலி கிடைக்கும். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துத் தொகை எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஏறக்குறைய 30 குகைகளையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓடாதீர்கள். 1, 2, 16, 17 நான்கையும் நிதானமாகப் பார்த்தால் அம்மாவுக்குப் போதும், மற்றவர்கள் படுத்த நிலையில் புத்தர் இருக்கும் 26-ஆம் குகை வரை போய் வரலாம். உள்ளே நுழைந்தவுடன் ஒன்றுமே தெரியாது, வெறும் இருட்டு. அப்படியே ஓர் ஓரமாக மூன்று நான்கு நிமிடம் நில்லுங்கள், கண் பழகப் பழக 1-ஆம் குகையில் தாமரை ஏந்திய பத்மபாணி என்ற போதிசத்துவரின் முகம் மெதுவாக எழுந்து வரும். 1,500 வருடத்துக்கு முன்னால் மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசி, அதன் மேல் சுண்ணாம்பு அடித்து வரைந்தது. அதனால்தான் ஃபிளாஷ் போடக் கூடாது என்கிறார்கள், தயவுசெய்து பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். ஓவியக் குகைகளில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், ஷூ வேண்டாம்.

திங்கட்கிழமை முழுவதும் எல்லோராவுக்கு. முதலில் கோயில். அம்மா கேட்ட ஜோதிர்லிங்கமான கிரிஷ்னேஸ்வரர் சன்னதி குகைகளிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. சோமவாரம் என்பதால் கூட்டம் இருக்கும், விடியற்காலையிலேயே போய் நின்றுவிடுங்கள். கருவறைக்குள் போக ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், நம் திருச்செந்தூர் மாதிரி. தரிசனம் முடித்து, கையோடு கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு 16-ஆம் குகைக்கு வாருங்கள்.

குகை என்று பெயர்தான், அது கைலாசநாதர் கோயில் என்ற முழுக் கோயில். எட்டாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அரசன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், மலையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து, ஒரே பாறையில் கோபுரம், நந்தி மண்டபம், கொடித்தூண், யானைகள் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார்கள். உங்கள் அப்பா காஞ்சிபுரத்துக்காரர் என்பதால் இதை அவசியம் அவரிடம் சொல்லுங்கள். ராஜசிம்ம பல்லவன் கட்டிய காஞ்சி கைலாசநாதர் கோயிலைச் சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது பார்த்தான். இடிக்கவில்லை, கோயில் சொத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அவனுடைய கன்னடக் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. அந்த வெற்றியின் நினைவாக அவன் ராணி லோகமகாதேவி கர்நாடகத்தில் இருக்கும் பட்டடக்கல்லில் ஒரு கோயில் எடுத்தாள், இன்று விரூபாட்சர் கோயில் என்கிறோம், அதில் காஞ்சியின் சாயல் உண்டு. சாளுக்கியர்களை வீழ்த்தி வந்த ராஷ்டிரகூடர்கள் அதே பாணியை எல்லோராவில் மலையிலேயே வெட்டிவிட்டார்கள். அதனால் அந்த விமானத்தைப் பார்த்ததும் உங்கள் அப்பாவுக்கு எங்கோ பார்த்த மாதிரி இருக்கும், வீட்டுக்குப் பக்கத்தில் பார்த்ததுதான். நான் முதல் தடவை போனபோது இது எதுவும் தெரியாமல் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன், இன்று வரை மனசு ஆறவில்லை.

கீழ்ப் பிராகாரம் சமதரை, அம்மா மெதுவாகச் சுற்றி வரலாம். தெற்குப் பக்கம் ராவணன் கயிலையைத் தூக்கும் சிற்பத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். வெயில் ஏறியதும் பௌத்தக் குகைகளில் 10-ஐயும் 12-ஐயும் பார்த்துவிட்டு, நாலு மணிக்குத் திரும்பவும் 16-க்கே வாருங்கள். கோயில் மேற்கு பார்த்தது, சாயங்கால வெயில் நேராக முகப்பில் விழும். சமணக் குகைகள் தள்ளி இருக்கின்றன. அம்மாவை நடக்க வைக்காமல் வண்டியில் போக முடிந்தால் 32-ஐப் பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அப்புறம் இரவு ரயில், செவ்வாய் காலை மும்பை.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அஜந்தா மட்டும் போதும். முடியுமா?
– ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: தாராளமாக. அவுரங்காபாத் பக்கமே போக வேண்டாம். கல்யாணில் இரவு வண்டி ஏறி ஜல்காவில் இறங்குங்கள், அங்கிருந்து அஜந்தா சுமார் 60 கிலோமீட்டர்தான். மெயின் லைன் என்பதால் வண்டிக்குப் பஞ்சமில்லை, அன்று இரவே திரும்பிவிடலாம்.

கேள்வி: அவுரங்காபாத் பீபி கா மக்பராவை 'ஏழைகளின் தாஜ்மகால்' என்கிறார்களே, பார்க்க வேண்டிய இடமா?
– ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: அந்தப் பட்டப்பெயரே எனக்குப் பிடிக்காது. ஔரங்கசீப்பின் மனைவி தில்ரஸ் பானு 1657-இல் இறந்த பிறகு எழுந்த கல்லறை அது. வடிவமைத்த அதாவுல்லா யார் தெரியுமா? தாஜ்மகாலின் தலைமைக் கலைஞர் உஸ்தாத் அகமது லாகோரியின் மகன். அப்பா கட்டியதை மனதில் வைத்துக்கொண்டு, கையில் குறைந்த பணத்தோடு மகன் கட்டியிருக்கிறார். தரைக்கு மேலே கொஞ்ச உயரம் வரை சலவைக்கல், மேலே குவிமாடம் சலவைக்கல், நடுவில் சுண்ணாம்புப் பூச்சு. பக்கத்தில் போய்ப் பாருங்கள், கல் முடிந்து பூச்சு தொடங்கும் இடம் கண்ணுக்கே தெரியும்.