அயர்லாந்து எந்த நாளில் சுதந்திர நாடானது? ஏன் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு ஆண்டு போட்டிருக்கிறார்கள்?

தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் 6 டிசம்பர் 1922 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். விஷயம் புரிய வேண்டும் என்று கேட்கிறீர்கள் என்றால், அப்படி ஒரு நாளே கிடையாது என்பதுதான் என் பதில். 1916, 1919, 1922, 1937, 1949 என்று ஒவ்வொன்றுக்கும் வாதாட ஆள் இருக்கிறது. நமக்கு ஆகஸ்ட் 15 இருப்பதுபோல அங்கே சுதந்திர தினம் என்று ஒரு விடுமுறைகூட இல்லை. தேசிய நாளாகக் கொண்டாடுவது மார்ச் 17, அதுவும் புனித பேட்ரிக்கின் நாள்.

கூட்டுக்குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போவதுபோல நடந்த பிரிவு இது. முதலில் அடுப்பு தனி, அப்புறம் வாசல் தனி, ரேஷன் கார்டு தனி, பத்திரம் மட்டும் பல வருஷம் பெரியவர் பெயரிலேயே கிடக்கும்.

பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நார்மன்கள் வந்து இறங்கிய 1169 வரை அயர்லாந்து ஒரே அரசாக இருந்ததில்லை. சிற்றரசர்கள் ஏராளம், அவர்களுக்கு மேல் 'பேரரசர்' என்று ஒருவர், அந்தப் பட்டத்துக்கு ஓயாத சண்டை. 1171இல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி நேரில் வந்தார். அதன்பின் சுமார் 370 ஆண்டுகள் இங்கிலாந்து மன்னருக்கு அங்கே 'அயர்லாந்தின் பிரபு' என்றுதான் பட்டம், மன்னர் இல்லை. அந்தப் பிரபுத்துவமே போப் கொடுத்தது என்று ஒரு கருத்து இருந்தது, எட்டாம் ஹென்றி ரோமோடு முறித்துக்கொண்டதும் அதுவே சங்கடமாகிவிட்டது. ஆகவே 1541இல் டப்ளினில் கூடிய நாடாளுமன்றம் அவரை அயர்லாந்தின் மன்னர் என்று அறிவித்தது. காகிதத்தில் அது தனி நாடு, தனி முடி. நடைமுறையில், 1494இல் வந்த பாய்னிங்ஸ் சட்டப்படி, லண்டன் சம்மதம் இல்லாமல் டப்ளின் நாடாளுமன்றம் எதையும் நிறைவேற்ற முடியாது.

1782இல் டப்ளின் நாடாளுமன்றத்தின் உரிமைக்காகப் போராடிய ஹென்றி கிராட்டன் காலத்தில் அந்தக் கயிறு தளர்ந்தது. ஆனால் மக்களில் பெரும்பான்மையான கத்தோலிக்கர்கள் அந்த நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது, நிர்வாகத்தை நடத்துபவரும் லண்டன் அனுப்பும் ஆள்தான். 1798 கிளர்ச்சிக்குப் பிறகு, இனி இரண்டு நாடாளுமன்றம் வேண்டாம் என்று பிரிட்டன் முடிவெடுத்தது. 1799இல் டப்ளின் உறுப்பினர்கள் இணைப்புத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். மறு ஆண்டு அதே அவை ஏற்றுக்கொண்டது. இடையில் பட்டங்களும் பதவிகளும் பணமும் புகுந்து விளையாடின. ஒழிக்கப்பட்ட சிறு தொகுதி ஒவ்வொன்றுக்கும் அதைக் கையில் வைத்திருந்த பெரிய மனிதருக்கு 15,000 பவுண்டு நஷ்டஈடு! 1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்து என்று தனி அரசே இல்லை. காலேஜ் கிரீனில் இருந்த நாடாளுமன்றக் கட்டடம் வங்கிக்கு விற்கப்பட்டது, இன்றும் வங்கிதான். பிரபுக்கள் அவை கூடிய அறை மட்டும் அப்படியே இருக்கிறது, புராட்டஸ்டன்ட் தரப்பு வெற்றிகளாகக் கொண்டாடும் பாய்ன் போரையும் டெரி முற்றுகையையும் காட்டும் பெரிய திரைச்சீலைகளோடு.

பஞ்சம், நிலப் போராட்டம், தன்னாட்சி மசோதாக்கள் (1886, 1893, 1912) எல்லாம் தனித்தனிப் பதிலுக்கானவை. தன்னாட்சி என்று அப்போது கேட்டது முழு விடுதலை இல்லை, உள்ளூர் விவகாரத்துக்கு ஒரு நாடாளுமன்றம், அவ்வளவுதான். அன்னி பெசன்ட் 1916இல் சென்னையில் ஹோம் ரூல் லீக் தொடங்கியபோது அந்தப் பெயரே அங்கிருந்து வந்ததுதான். சட்டம் 1914இல் நிறைவேறியது, முதல் உலகப் போர் வந்ததால் நிறுத்திவைக்கப்பட்டது, பிறகு அமலுக்கு வரவே இல்லை.

1916 ஈஸ்டர் திங்களன்று டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தின் முன்னால் நின்று கிளர்ச்சியாளர்கள் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார்கள். ஒரே வாரத்தில் கிளர்ச்சி ஒடுங்கியது, கையெழுத்திட்ட ஏழு பேருமே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மக்கள் மனம் மாறியது அதற்குப் பிறகுதான். 1918 தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73, தனிக் குடியரசு கேட்ட சின் ஃபெயின் கட்சிக்கு. வென்றவர்கள் லண்டன் போகாமல், 1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் தாங்களே 'டாயில்' என்ற அவையைக் கூட்டி, 1916இல் அறிவித்த குடியரசை உறுதிசெய்தார்கள். பெயர் கூப்பிடும்போது பலருக்கு வந்த பதில் 'அந்நியர் சிறையில்' என்பதுதான். இந்தக் குடியரசு நீதிமன்றம் நடத்தியது, கடன் பத்திரம் விற்றது, சட்டம் போட்டது. அதை முறையாக அங்கீகரிக்க மட்டும் பெரிய நாடு எதுவும் முன்வரவில்லை.

இங்கேதான் குழப்பம் சூடுபிடிக்கிறது. லண்டன் 1920இல் வேறொரு சட்டம் போட்டு 'வட அயர்லாந்து', 'தென் அயர்லாந்து' என்று இரண்டு நாடாளுமன்றங்களை உண்டாக்கியது. தன்னாட்சியே கூடாது என்று கடைசிவரை எதிர்த்த வடக்கத்தி யூனியனிஸ்டுகளுக்குத்தான் (பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பியவர்கள்) தன்னாட்சி கிடைத்தது! தெற்கே நடந்தது இன்னும் வேடிக்கை. கீழவையின் 128 இடங்களில் 124ஐ சின் ஃபெயின் போட்டியின்றிப் பிடித்தது, அவர்கள் யாரும் அந்த அவைக்கு வரவே இல்லை. 1921 ஜூனில் கூடியபோது கீழவையில் உட்கார்ந்திருந்தவர்கள் நாலே பேர், எல்லோரும் டிரினிட்டி பல்கலைக்கழகத்தின் பிரதிநிதிகள்.

1921 டிசம்பர் 6இல் பிரிட்டனோடு ஒப்பந்தம், 1922 ஜனவரி 7இல் டாயில் அதை 64க்கு 57 என்று ஏற்றது. உடனே பாருங்கள், ஒரே ஊரில் இரண்டு அரசாங்கம். டாயிலின் கணக்கில் குடியரசு தொடர்கிறது, தலைவர் ஆர்தர் கிரிஃபித். பிரிட்டனின் கணக்கில் குடியரசு என்று ஒன்று இருந்ததே இல்லை, அதனால் ஒரு தற்காலிக அரசு, தலைவர் மைக்கேல் காலின்ஸ். அதே காலின்ஸ் முதல் அரசாங்கத்தில் நிதி அமைச்சர்! அந்த ஆண்டின் தபால்தலையைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும்: ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை, அதன்மேல் கறுப்பு மையில் ஐரிஷ் எழுத்தில் 'அயர்லாந்தின் தற்காலிக அரசு 1922' என்று அச்சு. புதுத் தலை அடிக்க நேரமில்லை, மன்னர் முகத்தின் மேலேயே அடித்துவிட்டார்கள். மன்னரின் சின்னம் வார்த்த சிவப்புத் தபால் பெட்டிகளுக்கும் இதே வைத்தியம்தான், மேலே பச்சை பெயின்ட். விக்டோரியா காலத்துப் பெட்டிகளை இன்றும் டப்ளின் தெருக்களில் பார்க்கலாம், பெயின்டுக்கு அடியில் அரசியின் முத்திரை எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கும்.

1922 டிசம்பர் 6 அன்று 'ஐரிஷ் சுதந்திர அரசு' பிறந்தது. சட்டப்படி முழுத் தீவும் அதில் அடக்கம், ஆனால் மறுநாளே வட அயர்லாந்து நாடாளுமன்றம் வெளியேறுகிறோம் என்று தீர்மானம் போட்டது. பெயரில் சுதந்திரம் இருந்தாலும் கனடா மாதிரி ஒரு டொமினியன்தான். கவர்னர் ஜெனரல் உண்டு, உறுப்பினர்கள் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களுமாகப் பிரிந்து அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட உள்நாட்டுப் போருக்கு, பிரிவினையைவிட இந்தப் பிரமாணம்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

பிரமாணத்தை எதிர்த்து நின்ற குடியரசுத் தரப்புத் தலைவர் டி வலேரா 1927இல் பைபிளை ஒதுக்கி வைத்துவிட்டு, இது வெற்றுச் சடங்கு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார். 1932இல் ஆட்சிக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். 1933இல் பிரமாணம் போனது. கவர்னர் ஜெனரலாகத் தன் கட்சிக்காரர் ஒருவரையே போடவைத்து, மாளிகைக்குப் போகாமல் புறநகர் வீட்டில் இருக்கச் செய்தார். 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் முடி துறந்தது அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. இரண்டே நாளில் இரண்டு சட்டம்: ஒன்று அரசியலமைப்பிலிருந்து மன்னரையும் கவர்னர் ஜெனரலையும் நீக்கியது, மற்றது வெளிநாட்டுத் தூதர் நியமனத்துக்கு மட்டும் மன்னரின் கையெழுத்தை வைத்துக்கொண்டது. இந்த இரண்டாவது சட்டம் டிசம்பர் 12இல் வந்ததால், பிரிட்டனில் 11ஆம் தேதியே போய்விட்ட எட்வர்ட் அயர்லாந்துக்கு மட்டும் ஒருநாள் கூடுதலாக மன்னராக இருந்தார்.

1937இல் புது அரசியலமைப்பு. பழையது பிரிட்டன் நாடாளுமன்றத்தின் சட்டம் தந்ததா, டாயில் தந்ததா என்று இரு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால், இந்த முறை நேராக மக்களிடம் பொதுவாக்கெடுப்பு, சுமார் 6.85 லட்சம் ஆதரவு, 5.27 லட்சம் எதிர்ப்பு. நம் அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிமுறைகள் இதிலிருந்துதான் வந்தன என்று போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அதில் குடியரசு என்ற சொல்லே கிடையாது! வட அயர்லாந்தை என்றாவது சேர்க்க வேண்டும், அதற்குள் கதவை அடைக்கக் கூடாது என்று டி வலேரா கணக்குப் போட்டார்.

விளைவு, 1938 முதல் உள்ளே ஒரு குடியரசுத் தலைவர் (டக்ளஸ் ஹைட், சிறுபான்மையான புராட்டஸ்டன்ட்), வெளியே தூதர்களின் நியமனப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஆறாம் ஜார்ஜ் மன்னர். இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை. பெர்லினுக்குப் புதுத் தூதரை அனுப்ப வேண்டுமென்றால் ஹிட்லரோடு போரில் இருக்கும் மன்னர் கையெழுத்திட வேண்டும்! ஆகவே தூதர் பதவியை நிரப்பாமல் ஒரு பொறுப்பு அதிகாரியை வைத்தே ஓட்டினார்கள். 1945 ஜூலையில் ஒரு உறுப்பினர், நாம் குடியரசா இல்லையா என்று அவையில் கேட்க, டி வலேரா அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் எடுத்துவந்து வாசித்து, இந்த இலக்கணப்படி நாம் குடியரசுதான் என்றார். சிரிக்கலாம்தான், ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

முடிச்சை அவிழ்த்தது அவர் இல்லை, அவரைத் தோற்கடித்து வந்த பிரதமர் காஸ்டெல்லோ. 1948 செப்டம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் வைத்து, மன்னரின் கையெழுத்துச் சட்டம் ரத்தாகும் என்றார். விருந்தில் டெரி முற்றுகைப் பீரங்கியின் மாதிரியைத் தன் முன்னால் வைத்த கோபத்தில் அறிவித்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை, இரண்டு நாள் முன்பே அயர்லாந்தின் ஞாயிறு இதழ் ஒன்றில் விஷயம் வெளிவந்திருந்தது. நாட்டைக் குடியரசு என்று அறிவித்த, ஐந்தே பிரிவுகள் கொண்ட குட்டிச் சட்டம் 1949 ஏப்ரல் 18, ஈஸ்டர் திங்களன்று அமலானது. அதோடு காமன்வெல்த்திலிருந்தும் வெளியே. அதே ஏப்ரல் கடைசியில் லண்டனில் கூடியவர்கள், இந்தியா குடியரசானாலும் காமன்வெல்த்தில் தொடரலாம் என்று வழி செய்தார்கள். சில நாள் முந்திக்கொண்டது அயர்லாந்து.

அப்பவும் முழுசாக முடியவில்லை. பிரிட்டன் மன்னரின் பட்டத்தில் 'அயர்லாந்து' 1953 வரை ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டன் 1949இல் போட்ட சட்டப்படி அயர்லாந்துக்காரர்கள் அங்கே அந்நியர்கள் இல்லை, இன்றும் அங்கே வசிப்பவர்கள் பொதுத்தேர்தலில் வாக்களிக்கிறார்கள். முழுத் தீவும் எங்கள் தேசப் பகுதி என்ற அரசியலமைப்பு உரிமைகோரல் வட அயர்லாந்து மோதலுக்கு முடிவுகட்டச் செய்த 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் மாற்றி எழுதப்பட்டது. வடக்கில் பெரும்பான்மை விரும்பினால் இணையலாம் என்று அந்த ஒப்பந்தமே சொல்வதால், அடுத்த மாற்றத்துக்கும் இடம் இருக்கிறது. கொடி மாறுமா, தேசிய கீதம் மாறுமா, யூனியனிஸ்டுகளுக்காகத் திரும்ப காமன்வெல்த்தில் சேர வேண்டுமா என்று அங்கே இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.